வயரை முன்னாலதான் மாட்டுவேன்

செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்கிட்டு கட்டில்ல உக்காருங்க. ஈஸ்வரி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா, வத்தலக்குண்டுலருந்து ஆளு வந்திருக்காரு. காப்பியெல்லாம் போட வேணாம், ஆம்ப்பு வாங்க வந்தவருதான், விருந்தாளி இல்ல. கோவிச்சுக்காதீங்க, நான் எதையும் நேராப் பேசுற ஆளு.

போன்ல கிட்டார் ஆம்ப்பு மட்டும் போதும்னீங்க. அது முடியாது. ஆம்ப்பும் ப்ராசஸரும் சேந்துதான் போகும். ஒண்ணை வித்துட்டு ஒண்ணை வச்சுக்கிட்டா, மிச்சம் இருக்கிறதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். விலை நான் போட்டதுதான், பேரம் கிடையாது. ஆனா இன்னைக்கே தூக்கிட்டுப் போயிரணும். நாளைக்கு இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. ஏன்னு நீங்க கேக்கல, சரி. கேக்காட்டியும் சொல்லுவேன்.

அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்களை குணசீலன் அனுப்பலையே? தேன்துளி ஆர்க்கெஸ்ட்ரா குணசீலன். கீபோர்டு வாசிப்பான். தெரியாதா? தெரியாதவரைக்கும் நீங்க குடுத்து வச்சவரு.

அவன் என் தங்கச்சி புருஷன். என் தங்கச்சி ஜெயக்கொடியை அவனுக்குக் கட்டிக் குடுத்தது நான். அவன் எங்க வீட்டுக்கு வந்து போறப்ப அவன்கிட்ட என்ன இருந்துச்சுங்கிறீங்க? ரெண்டு கட்டை பேசாத ஒரு ஓட்டைக் கீபோர்டு. அதை ஒரு சாக்குல சுத்தி சைக்கிள் பின்னாடி கட்டிக்கிட்டு வருவான். தேன்துளின்னு பேரு வச்சது நான். முதக் கச்சேரி பிடிச்சது நான். பெரியகுளத்துல இந்த பாலகுரு கிட்டார்னு சொன்னா கல்யாண மண்டபத்துக்காரன் எந்திரிச்சு நிப்பான். இப்ப அந்த பேனர்ல போய்ப் பாருங்க, அவன் மூஞ்சி மட்டும் இம்மாம் பெருசு. வளத்த கடா மார்புல பாஞ்ச கதைதான், வேற என்ன.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். அது ஹேமா. அவனுக்குப் பொறந்த பொண்ணு. காலையிலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. நாளைக்குச் சாயங்காலம் அவளுக்கு ரிசப்ஷன், மறுநாள் விடிஞ்சா முகூர்த்தம். அந்த ரிசப்ஷன்ல நான் வாசிக்கணுமாம். அதுக்குத்தான் இந்த ஆம்ப்பை விக்கிறேன்.

புரியலையா? ஆம்ப்பு இருந்தா 'ஏன் வாசிக்கல'ம்பாங்க. ஆம்ப்பு இல்லேன்னா வாசிக்க முடியாது. வாசிக்க முடியலேன்னா நான் அந்த மேடையில ஏற வேண்டாம். ஏற வேண்டாம்னா அவன் பக்கத்துல நிக்க வேண்டாம். சீர்த்தட்டை என் வீட்டுக்காரி ஈஸ்வரி கொண்டு போய்ச் சபையில வச்சுட்டு வந்துருவா. தாய்மாமன் எங்கடான்னு கேட்டா காய்ச்சல்னு சொல்லட்டும். இதுல என்ன தப்பு? ஈஸ்வரி மூணு நாளா எங்கூடப் பேசல, அது போகட்டும்.

அந்தப் புள்ள மேல எனக்குக் கோவம் இல்ல, அதையும் சொல்லிப்புடறேன். அவளுக்குக் காது குத்துனது என் மடியில. தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்துவாங்க. ஆசாரி ஊசியை எடுத்ததுதான் தாமதம், அவ வீல்னு கத்துன கத்துல மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. தேம்பித் தேம்பி மூச்சு வாங்குது புள்ளைக்கு. ஜெயக்கொடி தூக்குறா, நிக்கல. அப்பன்காரன் ஏதோ பொம்மையை ஆட்டுறான், நிக்கல. நான் கிட்டாரை எடுத்து ஒரு மெட்டு வாசிச்சேன். சினிமாப் பாட்டு இல்ல, அந்த நேரத்துக்குக் கையில வந்தது. அழுகை நின்னுருச்சு. வாயைத் திறந்தபடி என் விரலையே பாத்துக்கிட்டிருந்தா.

அப்புறம் அவ சடங்குக்கும் அதையே வாசிச்சேன். தாய்மாமன் தட்டுத் தட்டாச் சீர் தூக்கிட்டுப் போவான், நானும் தூக்கிட்டுத்தான் போனேன். ஆனா அவ தட்டைப் பாக்க மாட்டா, என் தோள்ல கிட்டார் பை இருக்கான்னுதான் பாப்பா. 'மாமன் சீர்'னு அந்த மெட்டுக்குப் பேரு வச்சதே அவதான். இப்ப அதைத்தான் கேக்குறா. 'மாமா, எனக்குச் சங்கிலி வேணாம், பட்டு வேணாம், நம்ம மெட்டை மட்டும் வாசிச்சுருங்க'ங்கிறா. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடை யாரு மேடை? அவ அப்பன் மேடை. அவன் கீபோர்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழ இடம் இருக்கும். ஒரு வருஷமா நான் அவன் தெரு வழியாப் போகல, ரேஷன் கடைக்குக்கூடச் சுத்திப் போறேன். எனக்கு ரோசம் இருக்கா இல்லையா?

தண்ணி குடிங்க. என்னத்த இது? உன்னைக் காப்பி போடச் சொன்னேனா ஈஸ்வரி? சரி, போட்டுட்ட, குடுத்துட்டுப் போ. அங்க நின்னு என்னைப் பாக்காத.

விஷயத்துக்கு வர்றேன். முந்தி எங்கிட்ட ஒரு பழைய ஆம்ப்பு இருந்துச்சு. ஒரு வேலைதான் தெரியும் அதுக்கு: குடுத்ததைச் சத்தமாக் குடுக்கும். அதுக்கு முன்னாடி இந்த ப்ராசஸரை வச்சு வாசிப்பேன். இந்தா, காலால மிதிக்கிற பலகை. எக்கோ, கரகரப்பு, அலை அலையா வர்றது எல்லாம் இதுக்குள்ள இருக்கு. அது போக வெளிநாட்டுப் பெரிய ஆம்ப்புங்களோட குரலும் இதுக்குள்ளயே இருக்கு, வேணுங்கிறதை மிதிச்சு எடுத்துக்கலாம். அருமையா இருந்துச்சு. அந்தப் பழைய ஆம்ப்பு ஒரு நாள் புகைஞ்சு போச்சு. ஆசை ஆசையா இதை வாங்கினேன். இது டிஜிட்டல். மாடலிங் ஆம்ப்பு. நெத்தியில அந்தத் திருகு இருக்கு பாருங்க, அதைத் திருப்புனா இதுவும் ஒவ்வொரு ஆம்ப்பாப் பேசும்.

இப்ப நீங்க நியாயம் சொல்லுங்க. அதுலயும் பத்து ஆம்ப்போட குரல் இருக்கு, இதுலயும் பத்து ஆம்ப்போட குரல் இருக்கு. ரெண்டையும் சேத்தா எப்படி இருக்கணும்? ரெட்டிப்பா இருக்கணுமா இல்லையா? ஒரு மாடு ரெண்டு படி கறந்தா ரெண்டு மாடு நாலு படி கறக்கணும். கடையில கோழித்தீவனம் நிறுக்கிற எனக்கு இந்தக் கணக்குக்கூடவா தெரியாது?

ஒத்திகையில மாட்டினேன். கிட்டார்லருந்து ப்ராசஸர், ப்ராசஸர்லருந்து ஆம்ப்புக்கு, முன்பக்கம். ரெண்டுலயும் நல்ல காட்டமான குரலா எடுத்து வச்சேன். சத்தம் வந்துச்சு பாருங்க, தகர டப்பாவுக்குள்ள வண்டு மாட்டுன மாதிரி. கீழ எல்லாம் மொத்தமாக் கொழகொழன்னு, மேல காதைக் குடையுது. புது ஆம்ப்பு, பழகணும்னு நான் விட்டுட்டேன். மாடு வாங்குனாலும் முதல்ல எட்டித்தான் உதைக்கும்.

இவன் கீபோர்டை விட்டு எந்திரிச்சு வந்தான். 'மச்சான், ரெண்டுல ஒண்ணோட குரலை அணைச்சுருங்க. ப்ராசஸரை வச்சுக்கிட்டீங்கன்னா ஆம்ப்பைச் சும்மா விட்டுருங்க. இல்லாட்டி முன்னாடி மாட்டாதீங்க, பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு, அதுல மாட்டுங்க'ங்கிறான். நான் மாட்டுக் கணக்கைச் சொன்னேன். அதுக்கு அவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், 'இது பால் கணக்கு இல்ல மச்சான், குழம்புக் கணக்கு. தாளிச்ச குழம்பைத் திருப்பி ஒருக்காத் தாளிச்சாக் கருகத்தான் செய்யும்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. டிரம்ஸ்காரன் சிரிச்சான். பாட வந்த பொண்ணு, நேத்து சேந்தது, அதுவும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு.

நான் யோசிச்சேன். இவன் ஏன் ரெண்டுல ஒண்ணை அணைக்கச் சொல்றான்? காசு போட்டு வாங்குன சாமானைப் பாதி தூங்கப் போடச் சொல்ல இவனுக்கு என்ன வந்துச்சு? ஏன் முன்னாடி வேணாம், பின்னாடிங்கிறான்? நான் கிட்டாரைத் தொட்ட நாள்லருந்து ஆம்ப்புக்கு முன்னாலதான் மாட்டுறேன். எந்தக் கிட்டார்க்காரன் ஆம்ப்புக்குப் பின்னாடி போய்க் குனிஞ்சு மாட்டுவான்? அப்பத்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுச்சு. அந்த மாசம்தான் அவன் புதுக் கீபோர்டு வாங்கியிருந்தான். அதுல வீணை இருக்கு, நாதஸ்வரம் இருக்கு, கிட்டாரும் இருக்கு. கட்டையைத் தட்டுனா அச்சு அசல் கிட்டாரு. இப்பப் புரியுதா உங்களுக்கு? ஒரு ஆளைக் குறைச்சா ஒரு பங்கு மிச்சம். தலையை ஆட்டாதீங்க, உலகம் அப்படித்தான் இருக்கு.

மறுபடி அடிக்கிறா. விடுங்க. அடிச்சு அடிச்சு அதுவா நிக்கும்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு ஊரு, அம்மன் கோயில் திருவிழா. ஊரு பேரு வேணாம், நல்ல சனங்க. பொங்கல் வச்சு, முளைப்பாரி தூக்கி, அப்புறம் எங்க கச்சேரி. ஜெயக்கொடி, ஹேமா, ஈஸ்வரி மூணு பேரும் முன்னாடியே பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க. நான் சட்டை மாத்திட்டு மேடைக்கு வர்றேன், இவன் என் ஆம்ப்புக்குப் பின்னாடி குத்துக்காலிட்டு உக்காந்து வயரை நோண்டிக்கிட்டிருக்கான். முன்னாடி இருந்த வயரைப் பிடுங்கிப் பின்னாடி மாட்டிக்கிட்டிருக்கான். என் கண்ணால பாத்தேன்.

நீங்களும் வாசிக்கிறவருன்னு சொன்னீங்க, உங்களுக்குத் தெரியும். மேடைக்குன்னு ஒரு முறை இருக்கு. அடுத்தவன் சாமான்ல கை வைக்கக் கூடாது. தபேலாக்காரன் சுதி கூட்டுற சுத்தியல் நம்ம காலை இடிச்சாக்கூட அவனைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்லுவோம். கட்டுன பொண்டாட்டியா இருந்தாலும் கேட்டுத்தான் தொடணும். இவன் கேட்டானா? கேட்டா நான் விட மாட்டேன்னு தெரியும், அதான் கேக்கல. 'என்னடா பண்ற'ன்னேன். 'ஒரு பாட்டு மட்டும் இப்படி வாசிச்சுப் பாருங்க மச்சான், பிடிக்கலேன்னா மாத்திக்குவோம்'னு கெஞ்சுற மாதிரி நடிக்கிறான். கையை எடுன்னேன். வயரைப் பின்னாடிலருந்து பிடுங்கி முன்னால மாட்டினேன். திருகுங்களை எல்லாம் இன்னும் கொஞ்சம் ஏத்தியும் வச்சேன், இவனுக்குத் தெரியட்டும்னு.

மூணாவது பாட்டு. நடுவுல கிட்டார் மட்டும் தனியா வர்ற இடம், அந்தப் பாட்டுக்கே உசுரு அதுதான். மிதிச்சேன். கீச்சுன்னு ஒரு ஊளை. கையைக் கம்பி மேல வச்சு அமுக்குனா ஊளை பெருசாகுது. ஒரு சுரம் தனியாக் கேக்கல, எல்லாம் ஒரே இரைச்சல். பாயில இருந்த குழந்தைங்க காதைப் பொத்துதுங்க. விழாக் கமிட்டிக்காரரு மேடைக்குக் கீழ வந்து கையை இப்படி இப்படிக் காட்டுறாரு. நான் எதைத் திருகுறதுன்னு தெரியாம நிக்கிறேன், அந்த நேரத்துல கேக்குது பாருங்க, சுத்தமா, அழகா, கிட்டார் சத்தம். நான் வாசிக்க வேண்டியது. என் கை சும்மா இருக்கு, என் கிட்டார் வாசிக்குது. திரும்பிப் பாத்தா அவன், கீபோர்டுல.

சனம் விசிலடிச்சுக் கைதட்டுச்சு.

அந்தக் கைத்தட்டு எனக்கு வர வேண்டியது. அதை இன்னைக்கு வரைக்கும் என்னால முழுங்க முடியல. திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான். வயர்ல கை வச்சு என்னமோ பண்ணிட்டு, நான் விழுற நேரத்துக்குத் தயாரா உக்காந்திருந்திருக்கான். பாட்டைக் காப்பாத்தத்தான் வாசிச்சானாம், அப்புறம் ஈஸ்வரிகிட்டச் சொன்னானாம். இவ அதை நம்புறா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரி என் மேல பழி. 'தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிற ஆளோட நான் என்ன பேச'ன்னு இவ வேற.

பாட்டு முடிஞ்சதும் நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். 'என் தங்கச்சியைக் கட்டுனது பத்தாதுன்னு என் கிட்டாரையும் கட்டிக்கப் பாக்குறியாடா'ன்னேன். அப்புறம் அவன் அப்பா அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை, அதை உங்க முன்னாடி சொல்லக் கூடாது. மைக் போட்டிருந்துச்சு. அதுக்கு நானா பொறுப்பு? மைக்கை அணைக்கிறது மைக்செட்டுக்காரன் வேலை. ஊரே கேட்டுருச்சு. ஜெயக்கொடி முந்தானையை எடுத்து மூஞ்சை மூடிக்கிட்டா. ஹேமா எந்திரிச்சு நின்னா, என்னத்துக்கு எந்திரிச்சான்னு தெரியல, நின்னுக்கிட்டே இருந்தா. நான் கிட்டாரை மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

ஆம்ப்பும் ப்ராசஸரும் அங்கயே கிடந்துச்சு. மறுநாள் காலையில இவன் ஆட்டோவுல கொண்டாந்து வாசல்ல இறக்குறான். மழை தூறிக்கிட்டிருந்துச்சு, அவன் வீட்டுப் போர்வையைச் சுத்தி, மேல பாலித்தீன் போட்டுக் கட்டியிருந்தான். வச்சுட்டுப் போயிட்டான். திமிரைப் பாத்தீங்களா? செஞ்சதையும் செஞ்சுட்டு வாயைத் திறந்து மன்னிப்புன்னு ஒரு சொல்லு கேக்கல. அப்புறம் ஜெயக்கொடி ஒரு நாள் வந்தா, மாவிளக்கு கொண்டாந்தா. நான் கதவைத் திறக்கல. வெளிய நின்னு அழுதா. அழட்டும், புருஷனைக் கண்டிச்சு வைக்கத் தெரியல.

அந்தப் போர்வைகூட இன்னும் திருப்பிக் குடுக்கல நான். அந்தா, பரண் மேல இருக்கு.

சரி, கதை போதும். போட்டுக் காட்டுறேன். நான் மறைச்சு விக்கிற ஆளு இல்ல, இதோட லட்சணத்தை நீங்களே கேட்டுட்டு வாங்குங்க. ஒரு வருஷமாத் தொடல, தூசியைப் பாருங்க. இந்தா, கிட்டார்லருந்து ப்ராசஸர். ப்ராசஸர்லருந்து ஆம்ப்பு, முன்னால. அன்னைக்கு வச்சது வச்சபடியே இருக்கு.

கேட்டீங்களா? இதுதான். வண்டு. இதுக்கு மேல என்ன சொல்ல. நீங்க ஏதாவது மெக்கானிக்கிட்டக் காட்டிச் சரி பண்ணிக்கங்க, அந்த விலைக்குத்தான் போட்டிருக்கேன்.

எங்க போறீங்க? அங்கிட்டு என்ன இருக்கு? பின்னாடி எதுக்குப் போறீங்க, அங்க ஒண்ணும் இல்ல. ஏங்க, கை வைக்காதீங்கங்கிறேன். இன்னும் காசு குடுக்கல நீங்க, இன்னும் அது என் சாமான்தான். என்னது? அந்த ஓட்டைக்குப் பேரு ரிட்டர்னா? அது எந்த ஓட்டையா வேணா இருக்கட்டும். வயரை முன்னாலதான் மாட்டணும், நான் எப்பவும் முன்னாலதான்...

ம்.

திருப்பி ஒருக்கா இழுங்க, அந்தக் கடைசிக் கம்பியை.

அந்த ஒரு வயரை மட்டுந்தானே மாத்துனீங்க? வேற ஒண்ணையும் தொடலையே? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், தொடல. இப்ப ஆம்ப்பு தன் குரலைப் போடாதா? ப்ராசஸர் குடுக்கிறதை அப்படியே சத்தமாக் குடுக்கும், அவ்வளவுதானா? பழைய ஆம்ப்பு மாதிரி. அது இதோட வந்த புத்தகத்துலயே இருக்கா? இருக்கட்டுமே. புத்தகம் படிச்சா நான் கிட்டார் கத்துக்கிட்டேன்?

இங்க பாருங்க. உண்மையைச் சொல்லுங்க, உங்களை யாரு அனுப்புனது? குணசீலன்தானே? அவன் சொன்னதையே வார்த்தை மாறாம வந்து சொல்றீங்க. வத்தலக்குண்டுல உங்களுக்கு அவனைத் தெரியாது, பஸ் ஏறி வந்து சரியா அந்த ஓட்டையில கொண்டு போய் மாட்டுறீங்க. கிட்டார் வாசிக்கிற யாருக்கும் தெரியுமா? யாருக்கும்னா, அப்ப நான் யாரு?

ஈஸ்வரி, நீ உள்ள போ. சிரிக்கிற மாதிரி இருக்கு உன் மூஞ்சி.

எனக்கு எதுக்குக் கிட்டாரை நீட்டுறீங்க? நான் வாசிக்கிறதா? நீங்க வாங்க வந்தவரு, நீங்க வாசிங்க. எனக்கு விரல் மரத்துப் போச்சு, ஒரு வருஷம் ஆச்சு. சரி குடுங்க, கம்பி சுதி விட்டிருக்கு, அதை மட்டும் கூட்டித் தர்றேன். இந்தா. இப்ப எக்கோவைக் கொஞ்சம் ஏத்திக்கிட்டா, நல்லா நீளமா, இப்படி.

இது ஒண்ணுமில்ல. சும்மா கையில வர்றது. ஆமா, அந்த மெட்டுதான். ரெண்டு வரிதான். இங்க ஒரு வளைவு இருக்கு, அவளுக்கு இந்த இடம்தான் பிடிக்கும், சின்னப் புள்ளையில இந்த இடம் வந்தாத் தலையைச் சாய்ப்பா. எப்படிக் கேக்குது பாருங்க. ஒவ்வொரு சுரமும் தனித்தனியா. அன்னைக்கு அந்த மேடையில மட்டும் இப்படிக் கேட்டிருந்தா.

இந்தப் போன் ஒண்ணு. இந்தாங்க, கிட்டாரைப் பிடிங்க. இன்னைக்குப் பேசி முடிச்சுடறேன் இதை.

ஹலோ. ஆமாடா, மாமாதான். சொல்லு தங்கம். சாப்பிட்டியா? மருதாணி வச்சாச்சா? ம். ம். இல்லடா, அதான் சொல்லலாம்னு இருந்தேன். மாமாவால வர முடியாது போல. ஆம்ப்பை வித்துட்டேன்டா. ஆமா, வித்தாச்சு. இப்பத்தான், வத்தலக்குண்டுக்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரு. ஆம்ப்பு இல்லாம மாமா என்னத்த வாசிக்க? என்ன? பின்னாடியா? என்ன சத்தம்? ஒண்ணுமில்லையே. அது, அது டிவிடா. அத்தை டிவி போட்டிருக்கா. ம். சரிடா. சரி. வை.

அந்த எக்கோவை அணைக்கிறதுக்கென்ன உங்களுக்கு? பக்கத்துலதானே நிக்கிறீங்க. நான் கையை எடுத்தப்புறமும் அது பாட்டுக்குத் திருப்பித் திருப்பி அதையே சொல்லிக்கிட்டிருக்கு. இந்தா, இப்பத்தான் அடங்குது.

'டிவியில நல்லா வாசிக்கிறாங்க மாமா'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. வச்சுட்டா.

அழுதாளான்னு தெரியல. அழுத மாதிரி இல்ல குரல். அழுதிருந்தாத் தேவலை.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? என் மருமக, நான் என்னமோ சொல்லிக்கிறேன், உங்களுக்கென்ன? எண்ணி வைங்க காசை. மூட்டை கட்டித் தர்றேன், ஆட்டோ பிடிச்சுப் பஸ் ஸ்டாண்டு போயிருங்க. வித்துட்டேன்னு சொல்லிட்டேன், இப்ப நீங்க வாங்கித்தான் ஆகணும். நான் பொய் சொல்ற ஆளு இல்ல.

என்ன எந்திரிச்சுட்டீங்க?

வேணாமா? அம்புட்டு தூரத்துலருந்து வந்து, போட்டுப் பாத்து, வேணாமா? நல்லாத்தானே இருக்கு, இப்பத்தானே உங்க காதால கேட்டீங்க. விலையைக் குறைச்சுக்கிறேன், நீங்களே ஒண்ணைச் சொல்லுங்க. அதுக்கும் வேணாமா? நாளை மறுநாள் வந்து எடுத்துக்கிறீங்களா? ஏன் நாளை மறுநாள்? நாளைக்கு எனக்கு வேண்டியிருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், நீங்க அவன் ஆளுதான். எல்லாரும் சேந்துக்கிட்டீங்க. இந்த வீட்டுல காப்பி போட்டுக் குடுக்கிறவகூட அந்தப் பக்கந்தான்.

போங்க. செருப்பு வெளிய இருக்கு, எடுத்து மாட்டிக்கிட்டுப் போங்க. இனிமே போன் கீன் பண்ணாதீங்க.

ஏங்க, நில்லுங்க. நில்லுங்கங்கிறேன். பின்னாடி குனிஞ்சு என்ன பண்றீங்க? வயரைப் பழையபடி மாத்தி வைக்கிறீங்களா? அடுத்தவன் சாமான்ல கை வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு.

அதைப் புடுங்காதீங்க. மாட்டுன இடத்துலயே இருக்கட்டும்.